கெட்டில் படத்துக்குள் இருந்த வாக்கியம்

என் அக்காவின் வேலை என்ன என்று யாராவது கேட்டால், படங்களுக்கு வாய் கொடுக்கிற வேலை என்று சொல்லிவிடுவேன். அலுவலகத்தில் அவளுக்கு 'படக்கா' என்றே பெயர். பட அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, நாக்கு சோம்பேறித்தனப்பட்டு, படக்கா ஆகிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. எனக்குத்தான் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டுச் சாமான் விற்கிற ஒரு பெரிய கடை. பாத்திரம், விளக்கு, மேசை, திரைச்சீலை என்று எல்லாம் விற்பார்கள். அவர்களுடைய இணையதளம் நாலு மொழியில் வருகிறது. ஒரு மூல மொழியில் முதலில் எழுதுவார்கள், மற்ற மூன்றும் அதிலிருந்து வரும். தமிழ்ப் பக்கம் முழுக்க அக்கா பொறுப்பு. ஒவ்வொரு படத்துக்கும் அங்கே இரண்டு எழுத்து உண்டு. படத்துக்குக் கீழே எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு வரி, அது கேப்ஷன். இன்னொன்று படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கண் தெரியாதவர்கள் போனில் குரல் மென்பொருளைப் போட்டுக்கொண்டு பக்கத்தைத் தடவினால், அந்த ஒளிந்த வரியைத்தான் குரல் படித்துக் காட்டும். அதற்குப் பெயர் ஆல்ட். கண் இருக்கிறவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கும் அத்தானுக்குக் கண் போகும்வரை தெரியாது.

அத்தான் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் இருந்தவர். எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் ஒரு பார்வையில் படித்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து இருட்டு வந்து, ஒரு நாள் நடுவிலும் மூடிக்கொண்டது. வேலையை விட்டார். அதோடு சேர்த்து வெளியுலகத்தையும் விட்டார். வெள்ளைக் கம்பு வாங்கிக் கொடுத்தால் தொட மாட்டார். நடக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் வருகிறேன் என்றால், 'எனக்கு நடக்கத் தெரியும்' என்று கதவைச் சாத்திவிடுவார். யார் கையையும் பிடிக்க மாட்டார், அக்கா கையைத் தவிர. அதுவும் இருந்து இருந்து தெருமுனை வரைக்கும்தான்.

ஆனால் வீட்டுக்குள் அவரைப் பார்க்க வேண்டுமே! நெற்றிக்குள் விளக்கு எரிகிற மாதிரி நடப்பார். கதவு, சோபா, சாப்பாட்டு மேசை, குழாயடி எல்லாம் அத்துப்படி. அதற்கு ஒரு நிபந்தனை, எதுவும் இம்மியும் நகரக்கூடாது. ஒரு தடவை நான் பரணில் எதையோ எடுக்க ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டு, திருப்பி வைக்க மறந்துவிட்டேன். அவர் அதில் முட்டி விழுந்ததும், 'இது என் வீடா உன் வீடா' என்று என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். எனக்கும் வாய் சும்மா இருக்குமா? பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறேன், நாள் முழுக்க மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்கிற இடம், அந்தத் தொற்று எனக்கு நன்றாகவே ஒட்டிக்கொண்டது. நானும் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

அக்கா என்ன செய்தாள்? ஸ்டூலின் நாலு கால் இருந்த இடத்திலும் தரையில் பென்சிலால் அடையாளம் போட்டு வைத்தாள். அன்றைக்கே எனக்குத் தோன்றியது, அந்த அடையாளத்துக்குள் ஸ்டூலோடு சேர்த்து இவளும் நிற்கிறாள் என்று.

காலையில் எழுந்தால் வானம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தட்டில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எதிர்வீட்டில் யாரோ வந்தால் யார், என்ன கலர் சட்டை, முகம் எப்படி என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஆபீசுக்குப் போய் கரண்டிக்கும் விளக்குக்கும் அதையே எழுத வேண்டும். சாயங்காலம் வந்தால் மறுபடி வீடு. என் வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தங்கக்கூட அவளால் முடியாது. வந்தால் உட்கார்ந்த கையோடு போனைப் பார்ப்பாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. நாலு மொழிக்கும் சேர்த்துப் படப் பிரிவை அவளே நடத்த வேண்டும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேறு ஊர். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரம். என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த முகம்.

"அத்தான்கிட்ட சொல்லு," என்றேன்.

மாட்டேன் என்று தலையாட்டினாள். ஏன், வேண்டாம் என்பார் என்று பயமா என்று கேட்டேன்.

"வேண்டாம்னு சொன்னா பரவாயில்லைடி, சண்டை போடலாம். 'நீ போ, நான் பார்த்துக்கிறேன்'னு சொல்லிட்டார்னா? அப்புறம் என்னால போகவும் முடியாது, இருக்கவும் முடியாது."

நான் கத்தினேன். உனக்கென்று ஒரு வாழ்க்கை கிடையாதா, அவருக்குக் கண் போனால் உனக்குக் காலும் போக வேண்டுமா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, 'சரி, நேரமாச்சு, அவர் தனியா இருப்பார்' என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இவளிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று.

அந்த மாதம் பார்த்து ஆபீசில் ஒரு தலைவலி கிளம்பியது. தமிழ்ப் பக்கத்தில் படத்துக்குக் கீழே ஒழுங்காகத் தமிழ் இருக்கிறது. உள்ளே ஒளிந்திருக்கிற வரி மட்டும் மூல மொழிக்கு மாறிவிடுகிறது. பார்க்கிறவர்களுக்குத் தமிழ், கேட்கிறவர்களுக்கு வேறு பாஷை. தமிழ்க் குரல் அந்த வேற்று மொழியைத் தத்துப்பித்தென்று படிக்கிறது என்று கண் தெரியாத ஒரு டீச்சர் புகார் கொடுத்துவிட்டார். அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தமிழை மறுபடி போட்டாள். மறுநாள் வந்து பார்த்தால் போட்டதெல்லாம் போய்ப் பழைய வரி குந்தியிருக்கிறது. திரும்பப் போட்டாள். திரும்பப் போயிற்று. இது சரியாகிற வரைக்கும் யாரும் லீவு என்று வாயைத் திறக்கக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு கூண்டு, இப்போது ஆபீசிலும் ஒன்று.

இந்த மாதிரி நேரத்தில் அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பெட்டியில் எதையாவது எழுதிவிட்டு, அது எந்தெந்தப் பக்கத்தில் போய் முளைக்கிறது என்று பார்ப்பார்கள். முன்பெல்லாம் எல்லோரும் 'சோதனை' என்றே எழுதி, எது யாருடையது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டார்களாம். அதனால் ஆளுக்கொரு வாக்கியம், கடையில் எங்கேயும் வர வாய்ப்பே இல்லாத வாக்கியம் என்று வைத்துக்கொண்டார்கள். ஒருத்தர் 'என் மாமியார் ஊருக்குப் போய்விட்டார்' என்று எழுதுவார். இன்னொருத்தர் 'பசிக்கிறது பசிக்கிறது' என்று எழுதுவார். வேலை முடிந்ததும் தேடி அழித்துவிடுவார்கள். எப்படியும் கண்ணில் படாத பெட்டி, யார் பார்க்கப் போகிறார்கள்?

அக்கா ஒரு கெட்டில் படத்தை எடுத்து, மூல மொழியின் ஒளிந்த பெட்டியில் தமிழில் எழுதினாள்: 'நான் போகணும். அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை.'

ஏன் அதை எழுதினாய் என்று பிற்பாடு கேட்டேன். வேறெதுவும் மனசில் இல்லை என்றாள். எழுதினதும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது என்றாள்.

அந்த வாக்கியம் போன வழியை வைத்துக் கோளாறையும் பிடித்துவிட்டாள். கேப்ஷனுக்கு 'அந்தந்த மொழியில் தனியாக' என்று அமைத்திருந்த யாரோ, ஆல்ட்டுக்கு மட்டும் 'மூலத்திலிருந்து அப்படியே' என்று விட்டுவிட்டார்கள். மூலப் பக்கத்தை யார் எதற்குத் திறந்து சேமித்தாலும், அதிலிருந்த வரி மற்ற மூன்று மொழியின் மேலும் ஏறி உட்கார்ந்துவிடும். அமைப்பை மாற்றினாள். படங்கள் சேர்த்து வைத்திருக்கிற கிடங்கில் தன் வாக்கியத்தைத் தேடி அழித்தாள். கெட்டில் பக்கத்தைத் திறந்து தமிழை ஒழுங்காகப் போட்டாள். மறுபடி தேடினாள், ஒன்றும் இல்லை என்று வந்தது. மேனேஜர் கை குலுக்கிப் பாராட்டினார். ஆனால் தேடினது கிடங்கில் மட்டும்தான். ஒரு படத்தை ஒரு பக்கத்தில் வைக்கும்போது அந்தப் பக்கம் தனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். அவள் வாக்கியம் உள்ளே இருந்த நேரத்தில் யாரோ அதே கெட்டில் படத்தை 'புது வீட்டுக்கு வேண்டியவை' என்ற பக்கத்திலும் வைத்திருந்தார்கள். அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கீழே இருக்கிற கேப்ஷனைத்தான் பார்த்திருப்பார்கள். அது ஒழுங்காக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். அக்கா துணி எடுக்க வெளியே போயிருந்தாள். அத்தான் சோபாவில் அவருடைய மூலையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வைத்திருக்கிற வேகத்தில் அந்தக் குரல் பேசுவது எனக்குத் தேனீ இரைகிற மாதிரிதான் கேட்கும், அவர் மட்டும் புரிந்துகொள்வார். தானே நின்றுவிடுகிற கெட்டில் ஒன்று வாங்க வேண்டுமாம். அக்கா வருகிற வரைக்கும் டீக்குக் காத்திருக்க வேண்டாமாம். சரி, இவருக்கும் இப்படியெல்லாம் தோன்றுகிறதே என்று நினைத்தேன்.

"இந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்," என்று போனை நீட்டினார்.

என்னிடம் அவர் எதையும் பார்த்துச் சொல்லச் சொன்னதே இல்லை. 'தானாக நின்றுவிடும் கெட்டில், மூடியுடன்' என்று படித்தேன். அவர் போனை வாங்கி, குரலின் வேகத்தைக் குறைத்து, படத்தின் மேல் விரலை வைத்தார். அந்த உணர்ச்சியே இல்லாத பெண் குரல், விலை சொல்கிற அதே குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது. நான் போகணும். அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை.

'என்ன இது, ஏதோ மெஷின் கோளாறு' என்று உளறினேன்.

"இது அவ பேச்சு. எனக்குத் தெரியாதா?" என்றார். போனை மடியில் வைத்துவிட்டு, "எங்க போகணுமாம்?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. என்னை விட்டுப் போகணுமா என்று கேட்கத் தைரியம் இல்லாமல் அப்படிக் கேட்கிறார் என்று புரிந்தது. எனக்கு அந்த மனிதர் மேல் ஆயிரம் கோபம் உண்டு. ஆனாலும் தாங்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தலைமை அலுவலகம், வேறு ஊர், மாதக் கடைசி, எல்லாம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தெரியாத கண்ணை எதற்கு மூடுகிறார் என்று எனக்கு எப்போதும் தோன்றும், அன்றைக்குத் தோன்றவில்லை.

"இந்த வீட்டுல பாதி நேரம் எனக்குக் கண்ணு தெரியாதுங்கிறதே மறந்துடும். வேற வீட்டுக்குப் போனா நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும்," என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் மனசு விட்டுப் பேசியது அது ஒன்றுதான். பிறகு போனில் கடையின் உதவி எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

யாருக்குப் போன் செய்கிறீர்கள் என்று பதறினேன். அக்கா வந்ததும் அவளிடமே பேசுங்கள் என்றேன்.

"அவ என்கிட்ட சொல்லலை, கடைகிட்ட சொல்லியிருக்கா. நானும் கடைகிட்டயே சொல்லிக்கிறேன்."

வறட்டுப் பிடிவாதம் என்றால் அதுதான். புது வீட்டுப் பக்கத்தில் கெட்டில் படத்துக்குத் தப்பான விவரம் வருகிறது என்று, மருந்துக் கவுன்ட்டரில் பேசுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னார். வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் சொன்னார். பெயரையும் வீட்டு விலாசத்தையும் கொடுத்தார். அக்கா துணிப் பையோடு உள்ளே வந்தபோது இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம். என்ன நிறத்தில் எடுத்தாய் என்று அவர் கேட்டார், அவள் சொன்னாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் உதவிப் பிரிவுப் பெண் அந்தப் புகாரைப் படித்தாளாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கெட்டிலுக்கு என்ன கஷ்டமோ, அடுப்பிடம் சொல்லப் பயமோ என்று ஒருத்தர் கேலி செய்தாராம். இது யாருடைய வாக்கியம் என்று மேனேஜர் கேட்டார். என்னுடையது என்றாள் அக்கா. சிரிப்பு நின்றது. அந்தப் பெண் புகார் கொடுத்தவரின் பெயரையும் விலாசத்தையும் படித்தாள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை என்று பக்கத்து மேசைக்காரி பிறகு சொன்னாள். எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து, 'மூடி போட்ட வெள்ளைக் கெட்டில், கைப்பிடி வலப்பக்கம்' என்று எழுதிச் சேமித்தாளாம். அப்புறம் அரை நாள் லீவு கேட்டாள். மேனேஜர் சரி என்று தலையாட்டினார்.

எனக்குப் போன் வந்தது. நீயும் அங்கேதான் இருந்தாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உடனே வீட்டுக்கு வா, தனியாக உள்ளே போக எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். கிளினிக்கில் ஒரு ஆளை வாயைத் திறந்தபடி உட்கார வைத்துவிட்டு ஓடினேன்.

அத்தான் சோபாவில் இருந்தார். அவள் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். யாராவது பேசித் தொலையுங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஊருல இருக்கிற கெட்டில், கரண்டி எல்லாத்தையும் பார்த்துச் சொல்றே," என்றார் அவர். "எதிர்ல வர்றவன் சட்டைக் கலரைச் சொல்றே. உன்னை மட்டும் எனக்குச் சொல்லவே இல்லையே."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். நீங்கள் 'போ' என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன் என்றாள்.

"சொல்ல மாட்டேன். அவ்வளவு நல்லவன் இல்லை நான். நீ போயிட்டா எனக்கு ஒரு நாள் ஓடாது. கூட வர்றதுக்கும் பயமா இருக்கு. நேத்துலேர்ந்து அதையேதான் யோசிச்சிட்டு இருக்கேன்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா இரண்டு பேரும்! ஒரே வீட்டில், ஒரே பயத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒருத்தருக்கொருத்தர் காவல் இருந்திருக்கிறார்கள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த ஸ்டூல் இருக்கே, நீ அன்னைக்கு இழுத்துப் போட்டது. அதை எடுத்து வேற எங்கயாவது வை. எங்கேன்னு சொல்லாதே. அவளும் சொல்லக் கூடாது."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வை என்று சைகை காட்டினாள். பென்சில் அடையாளத்திலிருந்து ஸ்டூலைத் தூக்கினேன். சத்தம் வராமல் கொண்டுபோய் ஜன்னலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் வைத்தேன். கையோடு மேசையையும் கொஞ்சம் தள்ளினேன். கோபம் இன்னும் பாக்கி இருந்தது எனக்கு.

அவர் எழுந்தார். கையை முன்னால் நீட்டினார். அத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அவர் கையை நீட்டி நடந்து நான் பார்த்ததில்லை. முதலில் பென்சில் அடையாளம் இருந்த இடத்துக்குப் போய்க் காலால் துழாவினார். இல்லை. திரும்பினார். மேசை முனை இடுப்பில் இடித்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், மருந்துக் கவுன்ட்டரில் சொல்லவே முடியாத வார்த்தை. அக்காவின் வாய் தானாகத் திறந்தது. 'இடப்பக்கம்' என்று வரப்போகிறது, எனக்குத் தெரியும். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். படங்களுக்கு வாய் கொடுத்தவள், பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் சுவரைத் தொட்டார், திரைச்சீலையைத் தொட்டார், நாற்காலி என்று நினைத்துக் குப்பைக் கூடையைத் தட்டிவிட்டார். வியர்த்துவிட்டது மனிதருக்கு. கடைசியில் முழங்கால் ஸ்டூலில் நன்றாக முட்டியது. குனிந்து அதன் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"எழுதிடு அவங்களுக்கு. ரெண்டு பேரும் வர்றோம்னு எழுது," என்றார், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு. "ஆனா அங்க முதல் நாள் நீ லீவு போடணும். என்னைத் தனியா விட்டுட்டுப் போனே, அப்புறம் கடைக்குப் போன் பண்ணுவேன்."

சிரித்தபடி சொன்னார். ஆனால் சுற்றிச் சுற்றி வந்ததில் அவருக்குத் திசை குழம்பியிருந்தது. நாங்கள் வாயே திறக்காததால் நாங்கள் இருக்கிற பக்கமும் தெரியவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்துத்தான் அத்தனையும் பேசினார். நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எழுந்து, சத்தம் போடாமல் சுற்றிப் போய், அவர் முகம் திரும்பியிருந்த இடத்தில் சுவரை ஒட்டி நின்றுகொண்டாள்.